கழுத்து வலியும் காலை விசாரிப்பும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கைப்பேசி இருக்கும்போது இவள் எதற்காகத் தபாலில் எழுதுகிறாள் என்று உறையைப் பிரிக்கும் முன்பே பயந்திருப்பாய். பயப்படும்படி ஒன்றும் இல்லை. கழுத்தைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. குனிந்து கைப்பேசியில் தட்டக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால் உன் பழைய வரைபடப் பலகையை மேஜைமேல் சாய்த்து வைத்து, அதில் தாளைச் செருகி, நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து இன்னும் கோணவில்லை என்பதை நீயே பார்க்கலாம்.

குளியலறைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. வந்த ஆள் ஒரே வேலையை மூன்று தவணையாகச் செய்தார்; இப்போது சொட்டுவதில்லை. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

வலி முதலில் இடது தோளில் வந்தது, துணி காயப்போடும் கிளிப்பை யாரோ மாட்டிவிட்டதைப் போல. பிறகு கழுத்துக்கு ஏறி, பின்மண்டை வரை போனது. வயதாகிவிட்டது என்று பேசாமல் இருந்தேன். தெருவைக் கடக்கும்போது கழுத்து திரும்பாமல், அலமாரியைத் திருப்புவது போல உடம்பையே திருப்ப வேண்டி வந்த பிறகு எலும்பு டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புல பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. ஃபோன் ரொம்பப் பாப்பீங்களோ?" என்று கேட்டார். மாத்திரையை விடப் பயிற்சிதான் பலன் தரும் என்று சொல்லி, பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்குத் தெரியும். கான்வென்டில் எங்கள் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே சிஸ்டர் அடிக்கோலை வைப்பார். அது கீழே விழுந்தால் பாடம் முடியும் வரை நிற்க வேண்டும். என்னுடையது விழுந்ததில்லை. அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் தட்டச்சு செய்தேன். மேலதிகாரிகள் மாறினார்கள், இயந்திரங்கள் மாறின, என் கழுத்து குனியவில்லை. "உன்னோட சண்டை போடறது கொடிக்கம்பத்தோட சண்டை போடற மாதிரி" என்று உன் அப்பா சொல்வார். அந்தக் கம்பத்தை உள்ளங்கை அளவுள்ள ஒரு சாமான் வளைத்துவிட்டது.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னில் பாதி வயதுகூட ஆகாதவர்கள். கழுத்து வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த அத்தனை பேரும் குனிந்து கைப்பேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் பெயர் கூப்பிட்டார்கள்.

பயிற்சி தருகிறவள் சின்னப் பெண். கை மட்டும் இரும்பு. வந்ததும் "வாங்க பாட்டி" என்றாள். எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை, இல்லாத பதவியை ஏற்றுக்கொள்ள முடியாது என்றேன். "அப்போ ஆன்ட்டின்னு கூப்பிடட்டுமா?" என்றாள். அவள் அம்மாவும் நானும் ஒரே வகுப்பில் படிக்கவில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு, "சரிங்க மேடம், முதல்ல உங்க கழுத்தைச் சமாதானப்படுத்துவோம். அப்புறம் உங்களை" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது, காட்டிக்கொள்ளவில்லை.

அவள் சொல்லித்தந்ததை உனக்கும் எழுதுகிறேன், உனக்கும் நாள் முழுவதும் திரைமுன் வேலை. தலை குனியக் குனிய அதன் பாரம் கழுத்துக்குப் பல மடங்காகத் தெரியுமாம். நன்றாகக் குனிந்து கைப்பேசி பார்ப்பது, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமமாம். அதனால் நேராக உட்கார்ந்து, முகத்தைத் தாழ்த்தாமல், தாடையை மட்டும் பின்னுக்கு இழுத்துச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் இரட்டைத் தாடை விழும். அழகு பார்க்கக் கூடாது. பிறகு தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகின் நடுவே ஒரு பென்சிலைப் பிடிப்பது போல நெருக்க வேண்டும். பிறகு நெற்றியில் உள்ளங்கையை வைத்து, கை தள்ள, தலை அசையாமல் எதிர்க்க வேண்டும். பிடிவாதமே பயிற்சி என்பதால் இதில் மட்டும் முதல் நாளே தேறிவிட்டேன். கைப்பேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித்தான் பார்க்க வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"ஃபோன்ல அப்படி என்னதான் பாப்பீங்க மேடம், சீரியலா, கேமா?" என்று அவள் கேட்டாள். நாளிதழ் படிப்பேன் என்றேன்.

உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. காலை ஏழே காலுக்கு "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று நீ கேட்பாய். அது வரும்போது நான் தயாராக இருக்க வேண்டும் என்று, பால் காய்ச்சி இறக்கியதும் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வந்ததும் பதில் எழுதுவேன். என்ன சாப்பிட்டேன், எதில் உப்பு கூடிவிட்டது, கீழ்வீட்டுக்காரி என்ன சொன்னாள், எல்லாம். பிறகு நீ பார்த்துவிட்டாயா, நீலக் கோடு விழுந்ததா என்று பகல் முழுவதும் இடையிடையே குனிந்து பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் மொத்தமாக நீலக் கோடு விழும். வார நாளில் அவசரமாகப் படிக்காமல், ஞாயிறு நிதானமாகப் படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணும் மாலையில் "இன்னிக்குப் பயிற்சி செஞ்சீங்களா? வலி எப்படி இருக்கு?" என்று செய்தி அனுப்பினாள். கேட்டவளுக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. கைப்பேசியை அலமாரித் தட்டில் கண் மட்டத்தில் வைத்து, நின்றபடி ஒழுங்காகப் பதில் எழுதினேன். எந்தப் பயிற்சியில் எங்கே இழுத்தது, தலையணையின் உயரத்தைக் குறைத்தது, துண்டைச் சுருட்டிக் கழுத்தடியில் வைத்தால் நல்லதா என்ற சந்தேகம், இப்படி.

அடுத்த முறை போனபோது, துண்டு விஷயத்தில் அவள் முடிவு என்ன என்று கேட்டேன். "எந்தத் துண்டு மேடம்?" என்று விழித்தாள். நான் விளக்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ மேடம், அது நான் அனுப்பறதே இல்ல. ஒரு தடவை எழுதி நேரம் குறிச்சு வெச்சுட்டா, தினமும் தானா எல்லாருக்கும் போயிடும். யாரும் பதில் போடமாட்டாங்கன்னு நான் அந்தப் பக்கமே போறதில்ல." என் எதிரிலேயே திறந்து பார்த்தாள். விரல் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது, நான் எழுதியது முடியவில்லை. "இவ்ளோ எழுதியிருக்கீங்களா!" என்று அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுத்துப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக எழுதினேன் என்றேன். பிறகு, அதை எப்படிச் செய்வது என்று எனக்கும் காட்டச் சொன்னேன். வாக்கியத்தை எழுத வேண்டும், நேரத்தைத் தேர்வுசெய்ய வேண்டும், தினமும் என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். "யாருக்கு மேடம் அனுப்பப் போறீங்க?" என்றாள். பால்காரருக்கு என்றேன்.

வீட்டுக்கு வந்து, உன் செய்திகளை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஏழே கால். ஒன்றுகூட ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. நீ விமானத்தில் இருந்த நாளிலும் வந்திருக்கிறது. அன்று கீழ்வீட்டுக்காரியிடம் அதைக் காட்டி, ஆகாயத்தில் இருந்துகூட என் மகன் விசாரிக்கிறான் பார் என்று பெருமையடித்தேன்.

சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் குற்றம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் மறுநாள் காலை உனக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "சாப்பிட்டேன். இன்று ஒரு முழு யானை. தும்பிக்கையை மட்டும் மதியத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன்." அடுத்த நாள் காலை, "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று வந்தது. நான் சிரித்தேன். தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தால் வீட்டில் எதிரொலிக்கிறது, உடனே நிறுத்திவிட்டேன். ஞாயிறு வந்தது, யானைக்கும் நீலக் கோடு விழுந்தது. நீ ஒன்றும் கேட்கவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்கு அங்கே வேலை அதிகம். உன் காலையும் என் காலையும் ஒரே நேரத்தில் விடிவதுமில்லை. அம்மாவை அடியோடு மறந்தவன் இதையும் செய்திருக்கமாட்டான். நீ என்றைக்கோ ஒரு நாள் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதி, நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். அந்த ஒரு நாள் நீ என்னை நினைத்தது நிஜம்தான். அதற்கு மேல் எத்தனை நாள் நிஜம் என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தமாட்டேன்.

கழுத்து இப்போது பரவாயில்லை. இடது பக்கம் தோள் வரை திரும்புகிறது, வலது பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அந்தப் பெண் இப்போதெல்லாம் என் பதில்களைப் படிக்கிறாள். துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம், உயரமாக வேண்டாம் என்று அவளே தட்டி அனுப்பினாள். இரண்டு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனது நிறைந்துவிட்டது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் காலைச் செய்தியை நிறுத்திவிடு. என்னைத் தினமும் விசாரிக்க வேண்டாம். நினைப்பு வரும் அன்றைக்குக் கூப்பிடு. மாதம் ஒருமுறையானாலும் சரி, என்னைக் குறை சொல்வதற்காகவே ஆனாலும் சரி. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதே. முதலில் ஒருமுறை கூப்பிட்டுப் பேசு. பேசிய பிறகு நிறுத்தினால் போதும். அதுவரைக்கும் வந்துகொண்டிருக்கட்டும்.

மருமகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், தலைநிமிர்ந்து, பேச ஆள் இருக்கும் வீட்டில் நெடுங்காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் கோரும்,
அம்மா