சர்வருக்கு முதல் மரியாதை

வெள்ளி, இரவு.

எங்கள் ஊரிலிருந்து திருவேங்கடம் வரைக்கும் கம்ப்யூட்டர் சர்வர் என்றால் என்னைத்தான் தேடுவார்கள். தறிக்கூட முதலாளியின் சர்வருக்கு இரண்டு முகவரிகள்: ஒன்று தறிக்கூடத்துக்குள் மட்டும், இன்னொன்று இணையத்துக்கு. நான் அமைக்கும்போது எது முதன்மை என்று அது கேட்டது. உள்ளூர்க்காரனுக்குத்தானே முதல் மரியாதை? தறிக்கூடத்தைக் கொடுத்தேன். அதன்பின் வெளியூருக்கு ஒரு பில்லும் போகவில்லை.

இன்று என் மச்சினன் முருகேசன் வந்தான். "அத்தான், டவுன் பஸ்ஸுல ஏத்திவிட்டா பில்லு எப்படி மெட்ராஸ் போவும்?" என்று சிரித்தபடி இணையத்தை முதன்மையாக்கினான். பில்கள் மளமளவென்று போயின. எல்லார் முன்னாலும் முதலாளி அவன் தோளைத் தட்டினார். என் தோளை இதுவரை தட்டாதது மரியாதையால் என்று வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். "வே, இனிமே உம்ம மச்சினனையே கூப்பிட்டுக்கிடுதேன். நம்பர் சொல்லும்."

சொன்னேன். கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னேன்.