மச்சாள், றீற்றா எஞ்சின் படிக்கிறாள்

என் அன்பு மச்சாள்,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இன்றைக்குக் கோயிலில் உங்களுக்காகப் பூசை. அங்கே சொல்லி முடிக்க ஏலாத ஒரு சேதியை இங்கே எழுதுகிறேன்.

நான் கரண்ட் வேலை படிக்கப் புறப்பட்டபோது குருநகரே சிரித்தது. நீங்கள் மட்டும் அண்ணையின் காற்சட்டையை வெட்டி என் அளவுக்குத் தைத்துத் தந்தீர்கள். "போட்டுக்கொண்டு போ. பாக்கிறவை பாக்கட்டும்" என்றீர்கள். இன்றைக்கு நான் மானிப்பாயில் கூரை கூரையாக ஏறிச் சோலர் பூட்டுகிறேன்.

உங்கள் மகள் றீற்றா என்னையும் மிஞ்சிவிட்டாள். படகு எஞ்சின் திருத்தப் படிக்கப் போகிறேன் என்று நின்றாள். அண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஆம்பிளையளுக்கை நிண்டு எஞ்சின் கழட்டினால் உவளை நாளைக்கு ஆர் கட்டுவான்?"

"என்னைக் கட்டின மனிசன் இருக்கிறார்தானே அண்ணை?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் இறங்கியது. "தாயில்லாப் பிள்ளை. ஏதும் நடந்தால் தாய்க்காரிக்கு நான் என்ன மறுமொழி சொல்லுவன்?"

அவர் பயந்தது ஊருக்கு இல்லை, உங்களுக்குத்தான். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"ஒருக்கா வந்து இடத்தைப் பாருங்கோ. பிறகும் வேண்டாமெண்டால் நான் கதைக்கமாட்டன்" என்றேன்.

மூவருமாகப் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டியில் எஞ்சினை இறக்கி ஒரு பெண்பிள்ளை கயிற்றை இழுத்தாள். அது உறுமிப் பிடித்துக்கொண்டது. அண்ணை கிட்டப் போனார்.

"பிள்ளை எவடம்?"

"மயிலிட்டி, ஐயா. எங்கடை போட் எஞ்சினை நான்தான் பாக்கிறன்."

"கொப்பர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அப்பா முதல் ஏசினவர். இப்ப ஊராற்றை எஞ்சினையும் கொண்டந்து தாறார்."

அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் றீற்றா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். டவுனில் இறங்கியதும் அண்ணை நேரே சப்பாத்துக் கடைக்குள் நுழைந்தார். "இவளின்ரை காலுக்குத் தடிச்சதாத் தாங்கோ. இரும்பு விழுந்தாலும் நோகக் கூடாது." றீற்றா கடைக்குள் நின்றே அழுதாள். நானும்தான்.

வகுப்புத் தொடங்கிவிட்டது, மச்சாள். நகத்துக்குள் கறுப்பு எண்ணெயோடு வந்து உங்கள் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள். "கையைக் கழுவிப்போட்டுக் கொளுத்தடி" என்று அண்ணை அதட்டுகிறார். உங்களுக்குக் கேட்கிறதா?

நேற்று பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு தாய் மகளோடு வந்தாள். "இவளுக்கும் உப்பிடி ஒரு படிப்புக் கிடைக்குமோ? தேப்பன்தான் மறிக்கிறார்" என்றாள்.

நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகிறேன். அண்ணையும் வருகிறாராம், தகப்பனோடு தான் கதைக்கிறாராம். இனி எந்த வீட்டுப் பிள்ளை கேட்டு வந்தாலும் அவளுக்காகப் போய்க் கதைப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

என்றைக்கும் உங்கள் செல்ல மச்சாள்,
றீற்றாவின் மாமி