ஆரைக்கீரையின் கருப்புக் காய்

8 டிசம்பர் 1969, திங்கள்

மழையில் ஆய்வுக்கூடத்து அலமாரி ஒழுகியிருக்கிறது. ஊட்டியிலிருந்து வரவழைத்த, பெரணிச் செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்கள் அத்தனையும் பூஞ்சணம். பெரணி விதைக்குப் பதில் உதிர்க்கும் தூளான ஸ்போரைக் காட்டலாம் என்று பத்திரப்படுத்தி வைத்தால், பூஞ்சணம் தன் ஸ்போரைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

மார்ச்சில் பல்கலைக்கழகக் குழு வருகிறது. அவர்கள் மாதிரிகளைப் பார்த்துச் சரி என்றால் ஜூலையில் தாவரவியல் பி.எஸ்சி. தொடங்கும். என் தற்காலிக விரிவுரையாளர் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் இரண்டும் இல்லை.

துறைத்தலைவர் ராஜவேலு கையை விரித்துவிட்டார். "இந்த உப்புக் காத்துல பெரணி எங்கேம்மா மொளைக்கும்?"

"ஆரைக்கீரையே பெரணிதான் சார்."

சிரித்தார். "கமிட்டிக்குக் கீரை காட்டப் போறியா? உங்கம்மா கூடையிலேருந்தா?"

அவர் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் கீரை போடுவது என் அம்மாதான். எனக்குக் காது சுட்டது. புத்தகத்தில் இருப்பதைத்தானே சொன்னேன்! காட்டியே தீருவேன்.

13 டிசம்பர்

கவரப்பேட்டை ஏரிக்கரை வயலில், முழங்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம். நாலிதழ் இலை வயல் முழுக்க மிதக்கிறது. காய் ஒன்றுகூட இல்லை. பூவும் விதையும் இல்லாத செடி. ஸ்போர் இருப்பது அந்தக் காய்க்குள்தான்.

அம்மா வரப்பில் நின்று கேட்டாள்: "இன்னாத்தடி தேடிக்கினு கீற?"

சொன்னேன்.

"அந்தக் கருப்புக் கல்லா? தண்ணி கீறசொல்ல எங்க வெக்கும்? ஏரி வத்தி, கீரை காயசொல்ல தானா வெக்கும். பல்லை ஒடைக்கும்னு நான் பொறுக்கி வீசுவேன்."

எம்.எஸ்சி. படித்தவள் நான். சேற்றோடு வீடு வந்து சேர்ந்தேன்.

31 ஜனவரி 1970

காய்த்திருக்கிறது! காம்படியில் மிளகளவு. அம்மா ஒரு டப்பா நிறையப் பொறுக்கித் தந்தாள்.

3 பிப்ரவரி

'நீரில் இட்டால் திறந்து ஸ்போர்ப் பைகளை வெளித்தள்ளும்' என்கிறது புத்தகம். இட்டேன். ஒன்றும் இல்லை.

5 பிப்ரவரி

வெந்நீர். ஒன்றும் இல்லை.

9 பிப்ரவரி

நாலு நாள் ஊறியும் கல் கல்லாகவே இருக்கிறது. அட்டெண்டர் துலுக்காணம், "கொழம்பு வெச்சிரலாம் மேடம்" என்றார். ராஜவேலு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேலை போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

15 பிப்ரவரி, ஞாயிறு

எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

கோயிலுக்குப் போய் வந்து துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: "ஏ விக்டோரியா! கீரையில புழுவுடி!" கீரை அலசிய குண்டானைக் கவிழ்க்கப் போனாள். ஓடிப்போய் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடி மாதிரி ஒரு புழு, விரல் நீளம். உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்ப் பைகள், வரிசையாக. புழு இல்லை. ஸ்போர்ப் பைகள்! மறுமுனையில் காய் ஒட்டிக்கொண்டிருந்தது, கீரை அரிகையில் அரிவாள்மணை ஓரம் சீவிவிட்ட காய்.

ஐயோ, இவ்வளவுதானா! காயின் ஓட்டைச் சீவினால்தானே தண்ணீர் உள்ளே போகும்! டப்பாவிலிருந்து பத்தை எடுத்துச் சீவிப் போட்டேன். அரைமணியில் பத்தும் நெளிந்து நெளிந்து வெளியே வந்தன. அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"பைத்தியமா புட்ச்சிக்கிச்சு? கொழம்புக்கு இன்னா பண்றது?" என்றாள்.

11 மார்ச், புதன்

குழுத்தலைவர் நேராக ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தார். "பெரணி மாதிரிகள் எங்கே?" ராஜவேலு சார் கைக்குட்டையைத் தேடினார்.

மூன்று உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பிளேடு, ஒரு காய், ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். "ஓரம் சீவிப் போடுங்க சார்."

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். கர்த்தரே, இன்றைக்கு மட்டும்...

"வருது, வருது!" தலைவர்தான் கத்தினார். அறுபது வயது மனுஷர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு தண்ணீரில் படக் குனிந்துகொண்டார். படத்தில்தான் பார்த்திருக்கிறாராம்!

"எங்கே வாங்கினீங்க?"

"வாங்கல சார். கவரப்பேட்டை ஏரி. சேகரிச்சது ஞானம்மா."

"எந்தக் காலேஜ்?"

"என் அம்மா சார். கீரை விக்கிறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ராஜவேலு சார் தொண்டையைக் கனைத்தார். "எங்க வீட்டுக்கும் அவங்கதான் கீரை தர்றாங்க" என்றார். 'கீரைக்காரி' என்றுதான் இதுவரை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

22 மே

ஆர்டர் வந்துவிட்டது. வகுப்பு, வேலை, இரண்டுமே!

6 ஜூலை, திங்கள்

பி.எஸ்சி. முதல் வகுப்பு, பதினெட்டுப் பேர். அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். புது அலமாரியில் முதல் தாள் ஆரைக்கீரை, காயோடு. சீட்டில் 'சேகரித்தவர்: ஞானம்மா' என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தொட்டாள்.

"இதா நானு?"

"இதுதாம்மா."

பிறகு பார்த்தால் மேசைக்கு மேசை நடந்துகொண்டிருக்கிறாள். "நடுவுல வெட்டாத கண்ணு, ஓரமா சீவு. அவசரப்படாத, வரும்."

முதல் வரிசைப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "இவங்க யாரு மேடம்?"

அலமாரியைக் காட்டினேன். "முதல் தாளைப் போய்ப் படிச்சுட்டு வா."