புகைக்குழாயில் ஒரு வளைவு

பிப்ரவரி 4

அன்புள்ள வெல்டர் அம்மாவுக்கு,

நலமா? போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் திட்டாதே. உள்ளே இருப்பது பிவிசி குழாய்தான். ஷெட்டில் நிற்கும் நம் காருக்கு ஒருவழியாக டர்போவை மாட்டிவிட்டேன். அது எஞ்சின் கக்கும் புகையிலேயே சுழன்று எஞ்சினுக்குக் காற்றை ஊதித் தள்ளுகிறது. அந்தப் புகை வெளியே போகப் பழைய குழாய் பொருந்தவில்லை. அதனால் டர்போவிலிருந்து பின் பம்பர் வரை பிவிசியில் மாதிரி செய்து அனுப்பியிருக்கிறேன். இதைப் பார்த்து நீ ஸ்டெயின்லெஸ்ஸில் செய்து தரவேண்டும்.

இங்கே வெல்டிங் கடைக்காரரிடம் காட்டினேன். "சார், இது குழாயா, குடலா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆர்கான் வெல்டிங்கில் எனக்குத் தெரிந்து நல்ல கை ஒன்றுதான். அது கோபித்துக்கொண்டு வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் ஷெட்டுக்காரன்

பிப்ரவரி 19

ஷெட்டுக்காரருக்கு,

நலம். நீங்கள் இளைத்திருப்பீர்கள் என்று தெரியும், எழுத வேண்டாம்.

வீட்டுக்காரியாகக் கேட்டிருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். வெல்டராகக் கேட்டதால் செய்துவிட்டேன். மூன்று நாள், வேலை நேரம் முடிந்த பிறகும் பட்டறையிலேயே தங்கி ஒட்டினேன். பால் தொழிற்சாலைக்குப் போகும் குழாய்களுக்குச் செய்வதுபோல உள்ளேயும் ஆர்கான் வாயுவை விட்டுத்தான் ஒட்டியிருக்கிறேன். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பிசிறு இருக்காது.

உங்கள் குடலைப் பார்த்து எங்கள் மேஸ்திரி, "யாருக்கும்மா இது?" என்றார். தெரிந்தவருக்கு என்றேன். பொய் இல்லையே.

இங்கே அறை தையல் கடைக்கு மேலே. மெஷின் சத்தம் நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலைகிறது. வந்து ஆறு மாதம் ஆகிறது, பழகிவிட்டது.

இப்படிக்கு,
வெல்டர்

மார்ச் 2

அம்மா தாயே,

குழாய் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மனம் குளிர்ந்து ஜாக்கியை இறக்கினேன். டங் என்று ஒரு சத்தம். பின் அச்சு மேலே ஏறிவந்து குழாயில் இடித்துவிட்டது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் மணியடித்தது. எதிர்வீட்டுக்காரர் கும்பிடு போட்டார்.

குழாயைத் திருப்பி அனுப்புகிறேன். எங்கே தப்பு என்று புரியவில்லை. இரண்டு தடவை அளந்தேன்.

ஷெட்டுக்காரன்

மார்ச் 9

பல்செட்காரருக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. தினமும் எத்தனை பேருக்குப் பல்செட் செய்கிறீர்கள். மெழுகைக் கடிக்கவைத்து எடுத்த அளவு வந்தால்தான் பல்லையே தொடுவீர்கள். வாயைத் திறந்து வைத்து எடுத்த அளவை அனுப்பிய பல் டாக்டரிடம் நீங்கள் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் நான்கும் தொங்க, அது வாயைப் பிளந்து நிற்கும்போது அளந்திருக்கிறீர்கள். கார் கடிக்க வேண்டாமா? சக்கரம் தரையில் நிற்கட்டும், எடை அச்சில் இறங்கட்டும். பிறகு கீழே படுத்து மாதிரி எடுங்கள்.

இன்னொரு செய்தி. இங்கே என்னை நிரந்தரமாக்குகிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் இனி இந்த ஊர்தான்.

அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கிறேன். சாயங்காலம் ஆனால் நீங்கள் ஷெட்டுக்குள். கூட வந்து உட்காரலாம் என்றால், எடை குறையவேண்டும் என்று கார் முன்பக்கத்தில் என் சீட்டையே கழற்றிப் பரணில் போட்டீர்கள். கால் எட்டாமல் ஆடுகிறது என்று கேலி செய்து, எனக்காகக் கடைசிவரை முன்னால் தள்ளிவைத்த சீட். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டுக்கு அழுகிறாளே என்று சிரித்தீர்கள். அதுதான் ஆறவில்லை.

வெல்டர்

மார்ச் 17

அன்புள்ளவளுக்கு,

நிரந்தரமாக்குவது நல்ல செய்தி. உன் கை அதற்குத் தகுதியான கை. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொல்லும் உரிமை என்னிடம் மிச்சம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

கார் கடித்துவிட்டது. புதுமாதிரி இதோ. இருப்பதை இருப்பதுபோலவே செய்.

ஷெட்டுக்காரன்

மார்ச் 22

ஷெட்டுக்காரருக்கு,

பின் அச்சுப் பக்கம் இப்போது சரி. ஆனால் நடுவில் புதிதாக ஒரு வளைவு எதற்கு? போன மாதிரியில் அந்த இடம் நேராக இருந்தது. புகை தடையில்லாமல் போனால்தான் டர்போ சுறுசுறுப்பாகச் சுழலும் என்று என் காதில் ரத்தம் வரும்வரை சொன்னவர் நீங்கள். அங்கே அச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. கைதவறி ஒட்டியதா? நேராக்கி விடட்டுமா?

வெல்டர்

மார்ச் 25

நேராக்காதே. அந்த இடத்தில் இப்போது காரின் தரைத்தகட்டுக்குக் கீழே நான்கு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் இடிக்கும். கொஞ்சம் வேகம் குறையும், குறையட்டும்.

ஷெட்டுக்காரன்

மார்ச் 29

என் ஷெட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி படித்தேன். முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். வெல்டிங் செய்யாமல் இவள் ஏன் முகமூடியோடு நிற்கிறாள் என்று மேஸ்திரி பார்த்தார்.

அந்த நான்கு போல்ட்டும் எதைப் பிடித்திருக்கின்றன என்று எனக்குத் தெரியாதா? பரணிலிருந்து தனியாகவா இறக்கினீர்கள்? முதுகைப் பிடித்திருக்குமே. "உன் சீட்டை மாட்டிவிட்டேன், வா" என்று எழுத இவ்வளவு வளைவு வேண்டுமா?

கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிகிறது, சனிக்கிழமை வருகிறேன். ஆனால் காரின் பக்கத்தில் சும்மா உட்கார வரவில்லை. பால் குழாய் வேலையில் பாதியை அங்கிருந்தே செய்து அனுப்ப மேஸ்திரி ஒப்புக்கொண்டார். ஷெட்டில் ஜன்னல் பக்கம் பாதி எனக்கு. இதில் பேரம் கிடையாது.

குழாயை அங்கங்கே ஒரு பொட்டு வைத்தாற்போல்தான் ஒட்டியிருக்கிறேன். காரில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் முழுதாக ஒட்டவேண்டும். முதல் தடவையே அப்படிச் செய்திருக்கவேண்டும். அதனால் இந்த முறை பெட்டி வராது, நான்தான் கொண்டுவருகிறேன். பஸ் நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள், குழாய் இல்லாமல் அது உறுமி ஊரைக் கூட்டினாலும் பரவாயில்லை.

சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளி வையுங்கள்.

உங்கள்
வெல்டர்