கொட்டகை மேல் நின்ற வெளிச்சம்

அன்புத் தங்கை டெல்ஃபினுக்கு,

நீயும் கோராவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே உன் அக்கா லோர்னா எழுதுவது. இனி போனில் பேச எனக்குத் துணிவில்லை. ராய்ஸோடு நீ குடும்பம் நடத்திய நாளில் அவன் உன் போனை எப்படியெல்லாம் நோண்டினான் என்பது நினைவிருக்கிறது. அதனால்தான் நீ வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடைக்கு, உன் தோழி வில்மா பெயருக்கு, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் மகள் கோரா எடுத்த பறக்கும் தட்டு வீடியோவை இங்கே துலூத்திலும் வாய்பிளந்து பார்க்கிறார்கள். உங்கள் ஊர் மோட்டல்காரர் அந்தப் படத்தைச் சட்டையில் அச்சடித்து விற்பதாகச் சொல்லிச் சிரித்தாய். ராய்ஸிடமிருந்து தப்பி நெவாடாவுக்குப் போன பிறகு உன் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். அதைக் கெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படி எந்த வீடியோ வந்தாலும் நம்பாமல் குடைவது என் வீட்டுக்காரர் ஓரினுக்குப் பொழுதுபோக்கு. பார்த்ததுமே, “வெள்ளி கிரகத்தைப் பாத்துட்டு ஊரே கூத்தடிக்குது. இல்லைன்னா நான் மீசையை எடுத்துடறேன்” என்றார்.

பிறகு கோரா போட்ட மற்ற நாட்களின் மாலை வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினார். வெள்ளியாக இருந்தால் நேரமாக ஆக மலைப்பக்கம் இறங்க வேண்டும். இது உன் கொட்டகைக்கு மேலேயே நின்றது. ஒன்றில் நீ கோழித் தீவனம் எடுத்துக்கொண்டு நடக்கிறாய். நீ நடந்தால் அது நகர்கிறது. நீ நின்றால் நிற்கிறது. ஓரினின் முகம் மாறியது. “லோர்னா, இங்க வா. இது உன் தங்கச்சி பின்னாடியே போகுது பாரு.”

காற்றின் இரைச்சலை நீக்கிக் கேட்டோம். அடியில் குளவி ரீங்காரம் போல ஒரு சத்தம். படத்தைப் பெரிதாக்கினால், வெளிச்சத்தைச் சுற்றி நான்கு கைகள். டிரோன், டெல்ஃபின். அதை ஓட்டுகிறவன் உன் வீட்டிலிருந்து சில மைல்களுக்குள்தான் இருக்க வேண்டுமாம்.

ஏதாவது பையன் விளையாடுகிறான் என்றுதான் நானும் மனத்தைத் தேற்றினேன். கேட்காமல் இருக்க முடியாமல் ராய்ஸின் அம்மாவைக் கடைத்தெருவில் மடக்கி விசாரித்தேன். “வேட்டைக்குப் போயிருக்கான்மா, மேற்கே எங்கேயோ. பறக்குற கேமரா ஒண்ணு வேற வாங்கிட்டுப் போனான், சின்னப் பிள்ளையாட்டம்” என்றார் அந்த அம்மாள், பெருமையாக. காய்கறி வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்து ஓரினிடம் சொன்னேன்.

ஓரின் உங்கள் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பேசினார். “பறக்கும் தட்டா? இன்னைக்கு நீங்க ஏழாவது ஆளு சார். பச்சை மனுஷன் இறங்கினா சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்கள்.

ஓரின் காரில் கிளம்பிவிட்டார். இதைப் படித்ததும் வீட்டுக்குப் போகாதே. கோராவைப் பள்ளியிலிருந்து நேரே அழைத்துக்கொண்டு, ஓரின் வரும்வரை வில்மா வீட்டில் இரு. துணிமணி போகட்டும். கோழிகளும் போகட்டும். வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில் யாராவது வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே.

பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. பயப்படு, கண்ணே. பயந்தால்தான் கிளம்புவாய்.

கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்
உன் அக்கா,
லோர்னா