தொக்கில் கலந்த சாயம்

தர்ஷினி அப்பாவுக்கு,

சென்னை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். தர்ஷினி பக்கத்து வீட்டு சரோஜம்மாளிடம் தூங்குகிறாள், சாவியும் அங்கேதான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடுங்கள். தயிர்சோறு இருக்கிறது.

டிவி நிகழ்ச்சியில் முதலாளிகளிடம் காட்டி முதலீடு கேட்க நான் எடுத்துவைத்த மாங்காய்த் தொக்கில் சாயப்பொடியைக் கலந்துவிட்டீர்கள். கேட்டதற்கு, "லைட்டு வெளிச்சத்துல பளபளன்னு தெரிய வேணாமாடி? அவனுங்க என்ன, வழிச்சா திங்கப் போறானுங்க?" என்று சிரித்தீர்கள்.

வீட்டு ஜாடியில் இருந்த பழுப்புத் தொக்கையே எடுத்துப் போகிறேன். பிடிக்காவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடட்டும்.

நீங்கள் கலந்த பாட்டில் உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தயிர்சோற்றுக்கு அதையே தொட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயமணி

பி.கு.: பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்குத் தனியாக அப்பளம் பொரித்து வைத்திருக்கிறேன்.