பார்க்காத அடித்தண்டு

அக். 14, செவ்வாய்
மூன்று நாள் மழை ஓய்ந்தது. மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை. துடைத்தேன்.
பால் ஊற்றும் செல்வி மடியில் வெள்ளைக் காளான். தைலமரத் தோப்பு, கரையான் புற்றுக்குப் பக்கம். போன மாதம் கொண்டுவந்த அதே வகை. அதில் ஒன்றைக் காயவைத்து, பழைய மாணவி மீனாவின் ஆய்வகத்துக்கு மரபணு பார்க்க அனுப்பியிருக்கிறேன். புற்றுக்காளானில் ஒரு புதிய இனம். என் கணிப்பு.
"திங்கலாமா டீச்சர்?"
"தாராளமாக."
"செத்தா உங்க தலையிலதான்." சிரித்துக்கொண்டே போனாள்.

அக். 15, புதன்
தூறல். பால் வரவில்லை. செல்வியின் புருஷன் ராசு வந்தான்.
"ராத்திரி எட்டு மணிக்குக் காளானும் கருவாடும் தின்னா டீச்சர். விடிகாலை அஞ்சுலேர்ந்து வாந்தி, பேதி. எனக்குக் காளான் புடிக்காது, தப்பிச்சேன்."
காளான் இல்லை, கூடத் தின்ற கருவாடு என்றேன். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவள். என் வீட்டுக்காரர் இருந்தவரை என் சொல்லை மறுத்ததில்லை.
மாலை, போன மாதப் பதிவைப் பார்த்தேன்.
குடையின் அடிமடிப்பு: வெள்ளை.
வளையம்: உண்டு.
அடித்தண்டு: வேர் போல நீளம்.
புற்றுக்காளானுக்கு அந்த வேர்தான் அடையாளம். ஆனால் செல்வி ஒடித்துத்தான் பறிப்பாள். அடியை நான் பார்க்கவே இல்லை. எப்படி எழுதினேன்? கான்வென்ட்டில் மதர் சொல்வார்: பார்க்காததை எழுதாதே, கோடு போடு.

அக். 16, வியாழன்
வெயில். பால் வந்தது, ராசு கையில். "காலையில நின்னுடுச்சுங்க டீச்சர். ரெண்டு இட்லி தின்னா. நீங்க சொன்ன மாதிரி கருவாடுதான்."
11 மணி. மீனா போன். "மேடம், இது புத்துக்காளானே இல்லை. அமானிட்டா வகை. அதுலயும் கொடிய விஷக் கிளையில வருது, ஆனா தெரிஞ்ச எதோடயும் பொருந்தலை. புது இனம்னா உங்க பேரையே வைக்கலாம். யாரும் சாப்பிடலையே?"
போனை வைத்தேன்.
அவருடைய மண்வெட்டி. தோப்பு. தோண்டினேன். வேர் இல்லை. தண்டின் அடியில் கிழிந்த பை, முட்டை ஓடு போல: விஷக்காளானின் அடையாளம்.
வகுப்பில் நானே நடத்தியது: இந்த விஷம் நடுவில் ஒரு நாள் தேற விடும். பிறகு கல்லீரலை அழிக்கும்.
ஆட்டோ பிடித்து, செல்வி வீடு. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, தப்பு என்னுடையது என்றேன். இரண்டு முறை.
"டீச்சராவது, தப்பாவது. நல்லாத்தானே இருக்கேன்? மாடு கறக்கணும்."
ராசு ஆட்டோக்காரரிடம், தணிந்த குரலில்: "வயசாயிடுச்சுல்ல, பயந்துக்கிறாங்க."
டாக்டரிடம் காட்ட அவர்கள் வாசலில் நின்று எழுதுகிறேன்.
தின்றது: செவ். இரவு 8.
வாந்தி: புதன் காலை 5.
நின்றது: இன்று காலை.
இப்போது 3.10. ஆட்டோ நிற்கிறது. செல்வி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள்.